முன்சக்கரத்தின் நடுக்கம்

சங்க மலருக்கு ஒரு கட்டுரை தர வேண்டும் என்று நம் செயலாளர் என்னைக் கேட்டு மூன்று வாரங்கள் ஆகின்றன. இலக்கியம் பற்றி எழுத என்னினும் வல்லவர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். கவிதை எனக்கு வராது. நான் பௌதிகம் படிப்பவன். அதிலும் கடந்த ஆறு மாதங்களாக ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு பழைய வண்டியின் அடியில் மல்லாந்து கிடந்தவன். ஆதலால் தெரிந்ததையே எழுதுகிறேன். வண்டியின் அடியில் என்ன சுவை இருக்கிறது என்று கேட்கும் அன்பர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம், எனக்கு வருத்தமில்லை. பொறுமையுள்ளவர்களுக்கு, நான் ஒரு பெரிய தவற்றைச் செய்யப் புறப்பட்டு எப்படித் தடுக்கப்பட்டேன் என்பதைச் சொல்கிறேன்.

வண்டி, வில்லிஸ் ஜீப் பிக்கப். அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்து டோலிடோ நகரில் 1947 முதல் 1965 வரை செய்யப்பட்ட இனம். போர்க்கால ஜீப்புக்கு நெருங்கிய உறவு: முன்னே அதே முகம், பின்னே சரக்குத் தட்டு, நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சின் ஓட்டம். என் தந்தையாரின் மாமா, கட்கியில் (நம் முதியவர்கள் இன்னும் கிர்க்கி என்றே சொல்கிறார்கள்) மளிகைக் கடை வைத்திருந்தவர், இதை ஓர் ஏலத்தில் எடுத்தார். 1991இல் தென்காசிப் பக்கத்திலிருந்து 18 வயதில் அப்பா அந்தக் கடைக்கு வந்து சேர்ந்தார். மாமாவுக்குப் பின் கடையும் வண்டியும் அப்பாவின் பொறுப்பாயின. குல்டேக்கடி மார்க்கெட் யார்டிலிருந்து புழுங்கல் அரிசியும் தேங்காயும் வாழையிலையும் ஏற்றி, கட்கியிலும் கேம்ப்பிலும் ராஸ்தா பேட்டையிலும் உள்ள தமிழர் வீடுகளுக்கும் உணவு விடுதிகளுக்கும் கொண்டுபோய் இறக்குவது அவர் வேலை. 2008இல் ஊரிலிருந்து அம்மாவும் நானும் வந்தபோது, ரெயில் நிலையத்திலிருந்து எங்களை ஏற்றிச் சென்றதும் இந்த வண்டிதான். அப்போது எனக்கு வயது ஆறு. அரிசி மூட்டையின்மேல் உட்கார்ந்துதான் புனேயை முதன்முதல் பார்த்தேன்.

2014இல் ஒரு சிறிய டீசல் வண்டி வந்தது. பழைய வண்டி வீட்டோரத்தில் தார்ப்பாயைப் போர்த்துக்கொண்டு ஓய்வெடுத்தது. ஆயுத பூஜைக்கும் பொங்கலுக்கும் மட்டும் அப்பா அதை வெளியே எடுப்பார். சந்தனம் வைத்து, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, ஒரு சுற்றுப் போய்வருவார். ஆனால் அந்த வண்டிக்கு ஒரு நோய் வந்திருந்தது. வேகம் 50 கிலோமீட்டரை நெருங்கும்போது சாலையில் ஒரு சிறு பள்ளம் தட்டினால் போதும். முன்சக்கரங்கள் இரண்டும் தலையை இடமும் வலமும் ஆட்டத் தொடங்கிவிடும். வேகத்தைக் குறைத்தால்தான் நிற்கும்.

அப்பா இதைப் பெரிதாக எண்ணவில்லை. “எல, வெறும் வண்டிய ஓட்டுனா அதுக்குக் கோவம் வரும். நாலு மூட்டை ஏத்திப் பாரு, பசு மாதிரி போகும்” என்பார். படிக்காதவர்களின் மூடநம்பிக்கை என்று நான் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன்.

சென்ற ஆயுத பூஜைக்கு மறுநாள் காத்ரஜ் பழைய மலைச்சாலையில் இறங்கி வந்துகொண்டிருந்தோம். அப்பா ஓட்டினார். ஒரு பள்ளம் தட்டியது. நடுக்கம் வந்தது, அதுவரை நான் கண்டிராத நடுக்கம். ஸ்டீயரிங் சக்கரம் அவர் கையை உதறிக்கொண்டு தானே சுழன்றது. அதன் ஆரக்கால் அவருடைய இடது கையில் அடித்தது. எதிரே ஒரு பள்ளிக்கூட பஸ் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. அப்பா பிரேக்கை மிதித்து, ஒற்றைக் கையால் வண்டியை ஓரத்துக்கு இழுத்தார். சுவருக்கு ஒரு முழம் இருக்கையில் வண்டி நின்றது. பஸ் எங்களைக் கடந்து போயிற்று. சன்னல் வழியே ஒரு குழந்தை எங்களுக்குக் கையசைத்தது. அப்பாவின் மணிக்கட்டு வீங்கிவிட்டது. அவர் வாய் திறக்கவில்லை. எனக்குத்தான் நெடுநேரம் முழங்கால் நடுங்கியது.

அன்றிரவே நான் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். இந்த வண்டியின் முன்பகுதியை அறுத்தெறிவது என்று முடிவு செய்தேன். என் வாதம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இதன் இரு முன்சக்கரங்களும் ஒரே இரும்பு அச்சில் பூட்டப்பட்டவை. ஒன்று மேட்டில் ஏறினால் மற்றதும் சாயும். அச்சைத் தாங்குவது பட்டைகளை அடுக்கிய வில். நம் ஊர் வில்வண்டியில் இருக்கும் அதே வில். உலகமோ இதை என்றோ கடந்துவிட்டது. ஒவ்வொரு முன்சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கும் அமைப்பை லான்சியா நிறுவனம் 1922இலேயே லாம்ப்டா காரில் காட்டியது. 1934இல் ஜெனரல் மோட்டார்ஸும் சித்ரோயனும் தத்தம் வண்டிகளில் அவ்வகையைக் கொணர்ந்தன. எண்ணெய் அழுத்தத்தால் ஸ்டீயரிங்குக்குத் துணை செய்யும் ‘பவர் ஸ்டீயரிங்’ 1951இல் கிரைஸ்லர் காரில் விற்பனைக்கு வந்தது. ஆகவே, உடைத்து விற்கும் கடையில் புதிய வண்டி ஒன்றின் முன்பகுதியை முழுதாக வாங்கி, நம் வண்டியின் சட்டத்தை அறுத்து அதில் ஒட்டவைத்துவிட வேண்டியதுதான். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிச் சேர்த்த பணம் என்னிடம் கொஞ்சம் இருந்தது.

கட்டுப்போட்ட கையுடன் அப்பா என் படத்தைப் பார்த்தார். “அறுத்துட்டா மறுபடி ஒட்டலாமா?” என்று கேட்டார். ஒட்ட முடியாது என்றேன். “அப்போ அறுக்கிறதுக்கு முன்னால காகாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ” என்றார்.

காகா என்றதும் பறவையை நினைக்க வேண்டாம். மராட்டியில் சிற்றப்பாவைக் காகா என்பார்கள். பவானி பேட்டையில் ஒரு சந்துக்குள் பட்டறை வைத்திருக்கும் முதியவர் அவர். ஜீப்புகளைத் தவிர வேறெதையும் தொடமாட்டார். என் படத்தை மரியாதையாக வாங்கிப் பார்த்தார். மரியாதையாகவே மடித்துத் திருப்பித் தந்தார். “ஹளூ ஹளூ” என்றார். மெல்ல மெல்ல என்று பொருள். “எது கெட்டது என்று தெரியாமல் எல்லாவற்றையும் மாற்றினால், கெட்டதும் போகும், நல்லதும் போகும்” என்று இந்தியும் மராட்டியும் கலந்து சொன்னார்.

அந்த வாரமே சட்டம் பயிலும் நண்பர் ஒருவர் மற்றொரு செய்தி சொன்னார். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த மூல விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதி செய்தது. மேலும், 50 ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிகளைப் ‘பழம்பெரும் வண்டி’ எனத் தனியே பதிவு செய்துகொள்ள 2021 ஜூலையில் மைய அரசு விதி வகுத்திருக்கிறது. அவற்றை வாணிகத்துக்கோ அன்றாடப் போக்குவரத்துக்கோ ஓட்டக்கூடாது. சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல் மூல வடிவிலேயே வைத்திருக்க வேண்டும். என் வாளெடுப்பு நடந்திருந்தால் அந்த வாயில் எங்களுக்கு அடைபட்டிருக்கும்.

வாளைக் கீழே வைத்துவிட்டு வண்டியின் அடியில் புகுந்தேன்.

காகா முதலில் கருவி எதையும் எடுக்கவில்லை. என்னை ஸ்டீயரிங்கில் உட்காரவைத்து, வண்டி நின்ற நிலையிலேயே இடமும் வலமும் சிறிது ஆட்டச் சொன்னார். தாம் தரையில் படுத்து ஒவ்வொரு மூட்டாகக் கைவைத்துப் பார்த்தார். ஒரு மூட்டின் இந்தப் பக்கம் அசைந்து அந்தப் பக்கம் சற்றுத் தாமதித்து அசைந்தால், அங்கே தேய்மானம் என்று பொருள். அடுத்து ஜாக்கி கொடுத்துச் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். ‘டக், டக்’ என்றது. சக்கரம் திரும்புவதற்கு ஊன்றாக இருக்கும் கிங்பின்னின் மேல் கீழ்ப் பேரிங்குகள் தேய்ந்திருந்தன. ஸ்டீயரிங் பெட்டியின் அசைவை வாங்கிச் சக்கரங்களின் பக்கம் திருப்பிவிடும் ‘பெல் கிராங்க்’ என்னும் வளைகரம் தன் ஊசியில் தளர்ந்திருந்தது. பட்டை வில்லின் கண்களில் இருந்த புஷ்கள் முட்டை வடிவமாகிவிட்டன. டயர்களோ கிழடு.

நடுக்கத்தின் காரணத்தை அப்போதுதான் நான் சிந்திக்கலானேன். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்: இதற்கான கணக்கைத் தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான். சுழலும் பம்பரத்தை ஒரு பக்கம் சாய்க்க முயன்றால் அது சாயாமல் வேறு பக்கம் திரும்பும் அல்லவா? ஓடும் சக்கரமும் ஒரு பம்பரம்தான். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் அச்சு சாய்கிறது. சாய்ந்த சக்கரங்கள் பம்பரம்போல் பக்கவாட்டில் திரும்பப் பார்க்கின்றன. திரும்பியவை மறுபடி அச்சைச் சாய்க்கின்றன. மூட்டுகள் இறுக்கமாக இருந்தால் இந்த ஆட்டம் உராய்வில் அடங்கிவிடும். தளர்ந்திருந்தால் வண்டியின் ஓட்டத்திலிருந்தே வலிமை எடுத்துக்கொண்டு வளரும். அன்று மலைச்சாலையில் அப்பாவின் மணிக்கட்டை அடித்தது என் பாடப் புத்தகத்தின் ஒரு சமன்பாடு. அதை நான் அடையாளம் கண்டுகொள்ளவில்லை.

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சியது. மூட்டை ஏற்றினால் ஆடாது, வெறும் வண்டிதான் ஆடும் என்று அப்பா சொன்னாரே, அது எப்படி? தேய்ந்த பேரிங் மூட்டையைக் கண்டால் இளமை அடையுமா?

சைக்கிளை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் முன்கவை நேர்குத்தாக இல்லாமல் பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வின் கோட்டைத் தரைவரை நீட்டினால், சக்கரம் தரையைத் தொடும் இடம் அக்கோட்டுக்குப் பின்னே விழும். அதனால் சக்கரம் எஜமானன் பின்னால் வரும் நாயைப்போல் தானே நேராகிக்கொள்கிறது. கையை விட்டு ஓட்டும் வீரர்களுக்கு உதவும் காரணங்களுள் இதுவும் ஒன்று. மோட்டார் வண்டியின் கிங்பின்னுக்கும் இத்தகைய சாய்வு உண்டு. ‘காஸ்டர் கோணம்’ என்பார்கள். எங்கள் வண்டிக்குப் பணிமனை நூல் சொல்லும் அளவு 3 பாகை. கைப்பேசியின் சாய்வுமானியை வைத்து நான் அளந்தேன். ஏறக்குறைய 1 பாகைதான் இருந்தது. நான்குமுறை அளந்தேன், மாறவில்லை.

“முன்னால் 2 பாகை எங்கே போயிற்று?” என்று காகாவைக் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் வண்டியின் பின்பக்கம் போனார். குனிந்து பின்வில்லின் பட்டைகளை விரலால் எண்ணினார். பிறகு அப்பாவைப் பார்த்துச் சிரித்தார்.

ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு பட்டைகள் கூடுதலாக இருந்தன.

அப்பா தலையைச் சொறிந்துகொண்டார். “நீயும் அம்மாவும் வந்த வருஷம்ல. வாடகை, உன் பள்ளிக்கூடம் எல்லாம் சேர்ந்துகிட்டுது. ஒரு நடைக்குக் கூட அஞ்சாறு மூட்டை ஏத்தணும்னு போட்டேன்” என்றார்.

ஒரு ரசீதின் பின்புறம் கணக்குப் போட்டேன். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 118 அங்குலம். கூடுதல் பட்டைகளால் பின்பக்கம் 3 அங்குலம் உயர்ந்திருந்தது. அப்படியானால் வண்டி முழுவதும் முன்னோக்கி ஏறக்குறைய 1½ பாகை கவிழ்ந்திருக்கிறது. முன்வில் தளர்ந்து ஓர் அங்குலம் தாழ்ந்ததில் மேலும் ½ பாகை. காணாமற்போன 2 பாகையும் கிடைத்துவிட்டது. மூட்டை ஏற்றினால் பின்பக்கம் அமிழும், சாய்வு தன் பழைய அளவுக்குத் திரும்பும், வண்டி பசுவாகும். மூட்டையை இறக்கினால் பின்பக்கம் எழும்பும். சக்கரங்கள் வழிகாட்டியற்றுப் போகும். அப்பா மூடநம்பிக்கை ஏதும் பேசவில்லை. ஆறு ஆண்டுகள் அந்தச் சுமையோடு வண்டி ஓட்டிக் கண்ட உண்மையைத் தம் மொழியில் சொன்னார். பட்டம் பெற்ற நான் அதைக் கேட்டுச் சிரித்தேன்.

முன்சக்கரம் நடுங்கியதன் காரணம் பெரும்பாலும் பின்பக்கத்தில் இருந்தது. அந்தக் காரணத்தின் காரணம் நான். இதைக் கண்டபோது எனக்குப் பேச்சு வரவில்லை. ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

பிறகு வேலை தொடங்கியது. கூடுதல் பட்டைகளைக் கழற்றினோம். மற்றப் பட்டைகளைத் துரு நீக்கி, கிராபைட் பூசி அடுக்கினோம். முன்வில்லைக் கமானிப் பட்டறையில் கொடுத்துப் பழைய வளைவுக்குக் கொண்டுவந்தோம். (வில்லைக் கமானி என்பது இவ்வூர் வழக்கு.) நானா பேட்டையின் உதிரிப்பாகக் கடைகளில் கிங்பின் பேரிங்கும் வளைகரத்து ஊசியும் புஷ்களும் தேடினேன். ஜீப் வகைகள் நம் நாட்டில் நெடுங்காலம் செய்யப்பட்டமையால் இன்னும் பல கிடைக்கின்றன. கிங்பின் பேரிங்கை இறுக்கும் முறை எனக்கு மிகவும் பிடித்தது: அங்குலத்தில் ஆயிரத்துக்கு 3 பங்கு, 5 பங்கு, 10 பங்கு கனமுள்ள மெல்லிய தகடுகளைச் சேர்த்தும் எடுத்தும், தூக்கு தராசால் இழுத்துப் பார்த்து, சரியான இறுக்கம் வரும்வரை செய்ய வேண்டும். என் ஆய்வுக்கூடத்தில்கூட அவ்வளவு பொறுமையாக நான் அளந்ததில்லை. புதிய டயர்களும், அதிர்ச்சி தாங்கும் புதிய ஷாக் அப்சார்பர்களும் வந்தன.

ஸ்டீயரிங் அதிர்வை அடக்க ஒரு சிறு டாம்பர் உருளை போடலாம் என்று நான் சொன்னேன். அது தவறான கருவியன்று. பல வண்டிகளில் உண்டு. ஆனால் காகா மறுத்தார். “வலி தெரியாமல் இருக்க மாத்திரை. வலி போனதா என்று முதலில் பார்ப்போம்” என்றார். கோணத்தைத் திருத்த அச்சுக்கும் வில்லுக்கும் இடையே செருகும் எஃகு ஆப்புகளையும் அவர் எடுத்து வைத்திருந்தார். அவையும் தேவைப்படவில்லை. மீண்டும் அளந்தபோது 3 பாகைக்கு மயிரிழைதான் குறைவு.

புதியதெல்லாம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. தனித்தனி சஸ்பென்ஷன் சிறந்தது. பவர் ஸ்டீயரிங் கைக்குச் சுகம். எங்கள் வண்டி இன்றும் திருப்பக் கனமாகத்தான் இருக்கிறது. காஸ்டர் கூடினால் அந்தக் கனமும் சிறிது கூடவே செய்யும். ஆனால் பழையதெல்லாம் குப்பை என்ற என் வாதமும் நிற்கவில்லை. வளைவில் உட்பக்கச் சக்கரம் வெளிப்பக்கச் சக்கரத்தைவிட அதிகம் திரும்ப வேண்டும் என்னும் விதி, குதிரை வண்டிக்காக 1818இல் இலண்டனில் ஆக்கர்மன் பெயரில் காப்புரிமை பெற்றது. நம் நகரத்துத் தொழிற்சாலைகளிலிருந்து இன்று புறப்படும் கார்களின் ஸ்டீயரிங்கும் அந்த விதியைத் தழுவியதுதான்.

பொங்கலுக்கு மறுநாள் விடியற்காலையில் வண்டியை எடுத்தோம். தட்டில் ஒரு மூட்டைகூட இல்லை. 40 போனோம், 50 போனோம். ஒரு பள்ளத்தை வேண்டுமென்றே தேடி இறக்கினார் அப்பா. சக்கரம் ஒருமுறை தலையசைத்து அடங்கியது. 60இலும் அப்படியே. அப்பா ஸ்டீயரிங்கிலிருந்து விரல்களைச் சற்றே தளர்த்திப் பார்த்தார். வண்டி தன் வழியே நேராகப் போயிற்று.

சாலையோரம் ஒரு தேநீர்க் கடையில் நிறுத்தினோம். கழற்றிய நான்கு பட்டைகளையும் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா என்று கேட்டேன். அப்பா தேநீரை ஆற்றிக்கொண்டே சிறிது நேரம் யோசித்தார்.

“வேண்டாம், வீட்ல கிடக்கட்டும்” என்றார். பிறகு வண்டிச் சாவியை என்னிடம் நீட்டினார். “திரும்பிப் போகையில நீ ஓட்டு.”

வண்டி இப்போது கட்கியில் எங்கள் வீட்டோரத்தில் நிற்கிறது. வரும் ஆயுத பூஜைக்கு நண்பர்கள் அவசியம் வர வேண்டும். சுண்டலும் பொரியும் உண்டு. தட்டில் பத்துப்பேர் உட்காரலாம். வண்டி நிற்கும்போது மட்டும்!